அமிர்தநாதன் பிடி

2019ஆம் ஆண்டு ஆயுத பூசை கழிந்த புதன்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, ஒரகடத்தில் கியர்ப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியின் வாசலில் இருந்த பஞ்ச் மெஷின், எல்லப்பனின் வலது கட்டைவிரலை வாங்கிப் பார்த்துவிட்டு "நன்றி, அமிர்தநாதன்" என்றது. எல்லப்பன் விரலைப் பேண்ட்டில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடியும் அமிர்தநாதனுக்கே நன்றி போயிற்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முதுகில் தள்ளினார்கள். ஆறே முக்காலுக்குள் விரல் வைக்காவிட்டால் அரை நாள் போய்விடும், யார் பெயரில் யார் விரல் என்று ஆராய்கிற நேரமில்லை அது. நிஜ அமிர்தநாதன் அந்த நேரத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில், வலது முன்கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பழைய பதிவை அழித்துப் புதிதாக எடுத்தார். நான்கு முறை எல்லப்பன் என்று அடித்துச் சேமித்ததை மெஷின் நான்கு முறையும் அமிர்தநாதன் என்று திறந்து காட்டியது. வேறு விரல் வைக்கச் சொன்னார். மற்ற ஒன்பது விரல்களையும் எமரித் தாளும் டீசலும் என்றைக்கோ தின்று முடித்திருந்தன. மெஷினைப் பொறுத்தவரை அவை ஒன்பதும் உருளைக்கிழங்கு. வந்தவர் கட்டைவிரலை லென்ஸ் வைத்துப் பார்த்தார். ரேகை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்களுடையது இல்லை என்று, கரண்டு பில் தொகை சொல்கிற குரலில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

எல்லப்பனுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. சொந்த ஊர் வல்லக்கோட்டை. கம்பெனி இருக்கும் இடத்தில் அவன் குடும்பத்துக்கு முன்னே கத்தரித் தோட்டம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கேண்டீன் இருக்கிறது, புதன்கிழமைதோறும் கத்தரிக்காய் சாம்பார் போடுகிறார்கள், ஆகவே பெரிய மாற்றம் ஒன்றும் நடந்துவிடவில்லை என்பது அவன் கட்சி. கம்பெனி முதலாளிக்குப் பழைய ஹேண்டில் டிராக்டர்கள் மீது ஒரு பித்து. பேட்டரி இல்லாத, செல்ஃப் இல்லாத, முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் சுற்றினால் மட்டும் கிளம்புகிற ஐந்து வண்டிகளைக் கேண்டீனுக்குப் பக்கத்துக் கொட்டகையில் வாங்கி நிறுத்தியிருந்தார். அவற்றில் மூத்தது 1948இல் கப்பலில் வந்தது. கொட்டகையில் அதற்குத் துரை என்று பெயர். வெளிநாட்டு விருந்தாளி வந்தாலும், ஆயுத பூசை வந்தாலும், துரையை எல்லார் முன்னாலும் கிளப்பிக் காட்ட வேண்டும். அந்தக் கொட்டகைக்கு இரண்டே பேர். ஒருவர் அமிர்தநாதன், வாலாஜாபாத் சாலையில் மாதா நகர்க்காரர், எல்லப்பனைவிட எட்டு வயது மூத்தவர், ஹேண்டில் போடுகிறவர். இன்னொருவன் எல்லப்பன், சீட்டில் உட்கார்ந்து டியூனிங் பார்க்கிறவன்.

துரையைக் கிளப்புவது கொஞ்சம் சடங்கு பிடித்த வேலை. பெட்ரோலில் எழுப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு லீவர் உண்டு, ஏழு பல் வெட்டிய ஒரு வளையத்தில் ஏறி இறங்கும். அது மேலே இருந்தால் எரிபொருளைப் பற்றவைக்கும் பொறி தாமதமாக விழும், ஹேண்டில் போடுகிறவர் பிழைப்பார். இதற்கு லேட் என்று பெயர். கீழே இருந்தால் அட்வான்ஸ். ஓடுகிற வண்டிக்கு அதுதான் சரி, ஆனால் கிளப்பும்போது இருந்துவிட்டால், பிஸ்டன் மேலே வந்து சேருமுன் பொறி முந்திக்கொண்டு எஞ்சின் பின்பக்கமாக உதைக்கும். ஹேண்டில் எதிர்த்திசையில் சுழன்று கையைத் தேடிக்கொண்டு வரும். அதனால் சீட்டில் இருப்பவன் லீவரைக் கண்ணால் பார்த்துவிட்டு "லேட்" என்று கத்த வேண்டும். கீழே நிற்பவர் "லேட்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். இழுக்கிறவருக்கும் ஒரு விதி உண்டு. கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் போடவே கூடாது, மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாகப் படுக்க வைக்க வேண்டும். உதைத்தாலும் ஹேண்டில் விரல்களை விட்டு நழுவிப் போய்விடும். சுற்றிப் பிடித்தவனுக்குக் கட்டைவிரல் போகும், அதோடு மானமும் போகும். குடித்துவிட்டு ஓட்டிக் கையை உடைத்துக்கொண்டான் என்றால்கூட நாலு பேர் பரிதாபப்படுவார்கள். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்து உடைத்துக்கொண்டான் என்றால் பரிதாபம் கிடையாது, சிரிப்புத்தான்.

அமிர்தநாதன் இந்த விதியை எவ்வளவு தூரம் கடைப்பிடித்தார் என்றால், டீ கிளாஸைக்கூட ஐந்து விரலையும் ஒரே பக்கம் வைத்துத்தான் பிடிப்பார். சைக்கிள் ஹேண்டில்பாரும் அப்படித்தான். கோயிலில் திருப்பலியின்போது மெழுகுவத்தி கொடுத்தால் அதையும் அப்படியே பிடித்து, இரண்டு முறை பக்கத்தில் நின்றவரின் சட்டை கருகியிருக்கிறது. டியூனிங்கிலும் அவர் காதுதான் கடைசித் தீர்ப்பு. ஸ்குரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை எஞ்சினில் வைத்துக் கேட்பார். பொறி கொடுக்கும் மேக்னட்டோவில் பாயிண்ட் இடைவெளி பார்க்கத் தினசரி காலண்டர் தாள் ஒன்றை நாலாய் மடித்துச் செருகுவார். சனிக்கிழமைத் தாள் கொஞ்சம் மொத்தம், அதனால் சனிக்கிழமையில் டியூனிங் செய்யக் கூடாது என்று எல்லப்பன் சொல்வான். அமிர்தநாதன் சிரிக்காமல் வெள்ளிக்கிழமைத் தாளை எடுத்துக்கொள்வார்.

பூசை நாளன்று நடந்தது இது. காலையிலேயே எல்லப்பன் துரையை ஓடவிட்டு, லீவரைக் கீழே இறக்கி அட்வான்ஸில் வைத்து, சத்தம் கேட்டுக் கார்புரேட்டர் திருகைச் சரிசெய்து நிறுத்திவிட்டான். லீவரைத் திரும்ப மேலே ஏற்றியிருக்க வேண்டும். அதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், கூடவே ஒரு போட்டோக்காரர். சீட்டில் உட்கார்ந்திருப்பவர் முகம் நன்றாக விழும் என்று போட்டோக்காரர் சொன்னார். எல்லப்பன் இறங்கிப் போய், விருந்தாளியின் கார்க் கண்ணாடியில் பார்த்து, பையிலிருந்த சீப்பை எடுத்துத் தலை வாரினான். முன்னால் கொஞ்சம் தூக்கி வாரினான், அது அவனுக்குப் பொருந்தும் என்று பள்ளிக்கூட நாளில் யாரோ சொல்லியிருந்தார்கள். திரும்பி வந்து சீட்டில் ஏறி, கேமராவைப் பார்த்தபடியே "லேட்" என்று கத்தினான். அமிர்தநாதன் "லேட்" என்று பதில் சொல்லி இழுத்தார். துரை உதைத்தது. ஹேண்டில் அவர் விரல்களை விட்டு நழுவி, ஒரு முழுச்சுற்று பின்னால் சுழன்று வந்து, முன்கையின் வெளிப்பக்கத்தில் அடித்தது. இரண்டு எலும்பும் முறிந்த சத்தம் சீட்டு வரைக்கும் கேட்டது. எல்லப்பன் குனிந்து பார்த்தான். லீவர் கீழே இருந்தது. அவன் செய்த முதல் காரியம், அவரைத் தூக்க இறங்காமல், லீவரை மேலே ஏற்றியதுதான். ஏழு பல்லும் டிக் டிக் என்று ஏறின. பூசைக்கு வந்த பம்பைக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் அது கேட்கவில்லை. பாதுகாப்பு அதிகாரி ஜீவானந்தம் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"அண்ணன் கட்டைவிரல சுத்திப் புடிச்சிட்டாரு சார்" என்றான் எல்லப்பன்.

வேலை போய்விடும் என்று பயந்து சொன்னானா என்றால், அந்த அளவுக்குக்கூட யோசிக்கவில்லை. அவனுக்கு அந்த நேரத்தில் இருந்த பயமெல்லாம் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த சீப்பை யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுதான். யாரும் பார்க்கவில்லை. அமிர்தநாதன் தரையில் கிடந்தபடி எல்லப்பனைப் பார்த்தார், வலியில் கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் நம்பினார்கள். பத்து வருஷம் அந்த மனிதர் டீ கிளாஸ் பிடித்த விதத்தைப் பார்த்த எல்லோரும், இதை எழுதுகிற கை உட்பட, ஒரு நிமிஷத்தில் நம்பினோம். எங்கள் பக்கத்தில் நாங்கள் நம்பாமல் இருப்பது குடிநீர் லாரி வரும் நேரத்தை மட்டும்தான்.

கம்பெனி அந்த விபத்தை வீணாக்கவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்குத் திங்கள்கிழமைதோறும் நடக்கும் இண்டக்ஷன் வகுப்பில் ஒரு ஸ்லைடு சேர்ந்தது. மாவுக்கட்டுப் போட்ட ஒரு கை, அதன் கீழே அமிர்தநாதன் என்று பெயர், அதன் கீழே கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காதே என்று தமிழிலும் இந்தியிலும். ஆறே மாதத்தில் லைனில் எவன் எதைத் தப்பாகப் பிடித்தாலும் "அமிர்தநாதன் பிடி" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் அது தமிழில் "தப்பு" என்பதற்கான வார்த்தை என்றே நினைத்தார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் கம்பெனி மாறும்போது வார்த்தையும் கூடவே போயிற்று. ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஸ்பேனரிலிருந்து சாம்பார் வாளி வரை தப்பாகப் பிடித்ததெல்லாம் அமிர்தநாதன் பிடியாயிற்று. அவரை வாசலில் வண்டி எண் எழுதுகிற வேலைக்கு மாற்றினார்கள். மாவுக்கட்டைப் பிரித்தபோது கை கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது, வலது கட்டைவிரலில் ரேகையே இல்லை. புளி போட்டுத் தேய்த்த செம்பு மாதிரி வழவழவென்று இருந்தது. டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

எல்லப்பனுக்கு அதன் பிறகு தெரிந்தது, இந்தக் காலத்தில் ஒரு மனிதன் ஒரு நாளைக்கு எத்தனை இடத்தில் விரல் வைக்கிறான் என்பது. சிம் கார்டு வாங்கப் போனால் கடைக்காரர் "வாங்க அமிர்தநாதன்" என்றார். பாங்கில் குனிந்து பார்த்து, போட்டோவில் முன்பக்க முடி வேறு மாதிரி இருக்கிறதே என்றார்கள். அவன் சிரித்து மழுப்புவான். மெஷினுக்குக் கண்ணு தெரியல சார், இன்னா பண்றது என்பான். ஜோக்கடித்துச் சமாளிப்பதில் அவனுக்கு இணை கிடையாது. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது மட்டும், கண்ணாடியைப் பார்க்காமல் கழுவப் பழகிக்கொண்டான். சீப்பைத் தூக்கிப் போட்டுவிட்டான். கொரோனா வந்து விரல் வைப்பதையே நிறுத்திய மாதங்களில், ஊரெல்லாம் பயந்து கிடக்க, நிம்மதியாக இருந்த ஒரே ஆள் அவன்தான். அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டான்.

அப்புறம் ரேஷன் கடைக்கும் விரல் மெஷின் வந்தது. எப்போதும் போகிற மனைவி செங்கமலம் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த ஒரு மாதம், எல்லப்பன் தன் கார்டோடு போய் விரல் வைத்தான். திரையில் அமிர்தநாதன் குடும்பம் வந்தது, உறுப்பினர் இரண்டு. கடையில் எடை போடும் கலைமதி அவனையும் திரையையும் பார்த்தாள். மெஷின் ஒத்துக்கொண்ட பிறகு எடை போடாமல் இருந்தால் தன் கணக்கு இடிக்கும் என்று சொல்லி, அமிர்தநாதன் வீட்டு அரிசியைப் போட்டு, ரசீதைக் கையில் கொடுத்துவிட்டாள். விசாரித்ததில், அந்த வீட்டுக்கு நாலு மாதமாக அரிசியே போகவில்லை. அமிர்தநாதனுக்கு ரேகை இல்லை. அவர் மனைவி அன்னபுஷ்பம் ஒரு ஹாஸ்டல் சமையல்கட்டில் பாத்திரம் துலக்குகிறவள், அவளுக்கும் சோப்புத்தூள் ஒரு ரேகையையும் மிச்சம் வைக்கவில்லை. மகள் லிசா கல்யாணமாகிப் பெயர் நீக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் குடும்பத்துக்குச் செல்லுபடியாகும் விரல் பூமியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது எல்லப்பனின் கையில் இருந்தது.

ஆகவே மாதம் ஒரு சனிக்கிழமை எல்லப்பன் அமிர்தநாதனாக விரல் வைத்து, அரிசி மூட்டையை மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு மாதா நகருக்குப் போனான். நாலு வருஷம் போனான். அந்த வீட்டின் முன்னறை ஜன்னலில் மேற்கு வெயிலுக்கு மறைப்பாக ஒரு எக்ஸ்ரே படம் ஒட்டியிருந்தது. அமிர்தநாதனின் கை. முன்கை எலும்பு இரண்டும் வெளிப்பக்கத்திலிருந்து அடிபட்டு முறிந்திருந்தன. கட்டைவிரல் எலும்பு மூன்றும் ஒரு கீறல் இல்லாமல், வரிசையாக, நேராக இருந்தன. சுற்றிப் பிடித்தவனுக்கு முதலில் போவது கட்டைவிரல் என்று தெரிந்த எவனும் அதைப் பார்த்தால் அரை நிமிஷத்தில் எல்லாம் புரிந்துகொள்வான். எல்லப்பனுக்கு எதிரே அந்த ஜன்னல் வருகிற மாதிரிதான் அன்னபுஷ்பம் நாற்காலி போடுவாள். டீ கொடுப்பாள். தம்பி, பிஸ்கட் எடுத்துக்கங்க என்பாள். வெயில் சாயும்போது அந்தக் கட்டைவிரலின் நிழல் மெதுவாக நகர்ந்து வந்து அவன் சட்டைப் பைமேல் விழும்; அதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்று நினைப்பான், ஒரு மாதமும் முடிந்ததில்லை.

அமிர்தநாதன் துரையைப் பற்றி மட்டும்தான் கேட்பார். ஹேண்டில் இப்போது எல்லப்பனிடம் இருந்தது. சீட்டில் யாரையும் ஏற்றாமல் தானே லீவரை ஏழு முறை பார்த்துவிட்டு, பயந்து பயந்து இழுப்பான், பதினைந்து இழுப்புக்கு ஒரு தும்மல் வரும். கடைசியில் வெட்கத்தை விட்டுக் கொட்டகையிலிருந்து அவருக்குப் போன் போட ஆரம்பித்தான். செல்போனை எஞ்சின் பக்கம் நீட்டுவான். வாசல் கூண்டில் உட்கார்ந்து வண்டி எண் எழுதியபடியே அவர் கேட்பார். திருகைக் கால் சுற்று உள்ளே, அரைக்கால் வெளியே, மூணாவது பிளக் எண்ணெய் குடிக்குது, கழட்டித் துடை என்பார். இருநூறு அடி தூரம்தான். நடந்தே வந்திருக்கலாம், ஆனால் கொட்டகைக்குள் அவர் வரக் கூடாது என்று எழுத்தில் இருந்தது. டியூனிங் பிரமாதம் என்று முதலாளி எல்லப்பனுக்கு இரண்டு வருஷம் கேடயம் கொடுத்தார். கேடயத்தைச் செங்கமலம் டிவி மேல் வைத்தாள். அவன் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு வைத்தான், தூசி விழுதே என்று சொன்னான்.

2024இல் பாதுகாப்புப் பிரிவு துரையின் ஹேண்டிலுக்கு ஒரு இரும்புப் பெட்டி வாங்கியது. அனுமதி பெற்றவரின் விரல் பட்டால்தான் திறக்கும், திறக்கும்போது பெயர் சொல்லி வரவேற்கும். ஆயுத பூசையன்று முதலாளி, விருந்தாளிகள், மூன்று ஷிப்டு ஆட்கள் எல்லோரும் கூடி நிற்க, ஸ்பீக்கரோடு இணைத்திருந்த பெட்டியில் எல்லப்பன் விரல் வைத்தான். "நல்வரவு, அமிர்தநாதன்" என்று கொட்டகை முழுக்கக் கேட்டது. கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் யாரோ "அமிர்தநாதன் பிடிடோய்" என்றான். வாசல் கூண்டில் அமிர்தநாதன் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் இருந்தது எல்லப்பனுக்குத் தெரிந்தது. வழக்கம்போல் ஒரு ஜோக் அவன் வாயில் தயாராக இருந்தது. அதைச் சொல்லத் திறந்த வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது. பூசாரிக்கு வைத்திருந்த மைக்கில் சொன்னான்.

"அன்னிக்கு லீவர் கீழ இருந்துச்சு. நான் தலை வாரிக்கினு வந்து, பாக்காமலே லேட்டுன்னு சொன்னேன். அப்புறம் நான்தான் லீவர மேல ஏத்தினேன். அவரு கட்டைவிரல் சரியாத்தான் இருந்துச்சு."

முதலாளி கைதட்டினார். விருந்தாளிகள் தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். பாதுகாப்பு வாரத்துக்காக ஒவ்வொரு பிரிவும் விழிப்புணர்வு நாடகம் போட வேண்டும் என்று அந்த மாதம்தான் சுற்றறிக்கை வந்திருந்தது. கொட்டகைப் பிரிவின் நாடகம் இதுதான் என்று கூட்டம் எடுத்துக்கொண்டது. குரலில் நடுக்கம் ரொம்ப இயல்பாக இருந்தது என்று ஜீவானந்தம் பாராட்டினார். நிஜமாத்தான் சார் சொல்றேன் என்று எல்லப்பன் சொன்னபோது, அதையும் அதே மாதிரியே சொல்றான் பாரு என்று இன்னும் தட்டினார்கள். முதல் பரிசு, ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர், அவன் கையில் வந்தது.

வீட்டில் செங்கமலம் குக்கரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அவன் வாசலிலேயே நின்று, இது எதற்குக் கிடைத்தது என்று முதலிலிருந்து சொன்னான். அவள் எழுந்து போய், டிவி மேலிருந்த துண்டை எடுத்துப் பார்த்தாள், கேடயத்தைக் கீழே இறக்கினாள். "இந்த குக்கர் வூட்டுக்குள்ள வரக் கூடாது" என்றாள். "நீயும் இன்னிக்கு அங்க போய்ட்டுத்தான் உள்ள வரணும்."

மாதா நகரில் அமிர்தநாதன் டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லப்பன் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு, எக்ஸ்ரேக்கு எதிரே உட்கார்ந்து, இந்த முறை மைக் இல்லாமல் சொன்னான். சீப்பு உட்படச் சொன்னான்.

"தெரியும்டா" என்றார் அமிர்தநாதன். "வுழும்போது லீவர் கீழ இருந்துச்சு. என்னத் தூக்கும்போது மேல இருந்துச்சு. அது பாட்டுக்கு ஏறுமா?"

"அப்ப ஏன்ணா இத்தினி வருஷமா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு ஒரு வாரம் பாத்தேன். அப்புறம் பாக்கறதே பழகிப்போச்சு." கிளாஸைக் கீழே வைத்தார். "கேட்டா நம்ம பேச்சே வுட்டுப்போயிடுமோன்னு இருந்துச்சு. அதுக்குள்ள அரிசி வர ஆரம்பிச்சிடுச்சு."

எல்லப்பன் அழுதான். குக்கர் மூடிமேல் சொட்டியது. அன்னபுஷ்பம் சமையலறையிலிருந்து வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி, அழுது முடிக்கட்டும் என்று நின்றாள்.

"இந்த வூட்டுல வந்து சொல்றியே தம்பி, இங்க யாருக்குத் தெரியாது?" என்றாள். "என் தங்கச்சி பொண்ணு ஜாய் குன்றத்தூர்ல தங்கிக்கினு போன் கம்பெனிக்குப் போறா. லைன்ல ஸ்குரூ மெஷினத் தப்பாப் புடிச்சாளாம். சூப்பர்வைசர், அமிர்தநாதன் பிடி புடிக்காதம்மான்னாராம். அது எங்க பெரியப்பா பேருன்னு சொல்லக் கூச்சப்பட்டுக்கினு சும்மா நின்னாளாம். அவளுக்குச் சொல்லு. அந்த சூப்பர்வைசருக்குச் சொல்லு." பிறகு ஜன்னலுக்குப் போய், நாலு மூலையிலும் நகத்தால் கீறி எக்ஸ்ரேயை உரித்தாள். குக்கரை வாங்கிக்கொண்டு, எக்ஸ்ரேயை அவன் மடியில் வைத்தாள். "வெறும் வாயால சொன்னா கைதட்டத்தான் தட்டுவானுங்க."

மறுநாள் எல்லப்பன் எக்ஸ்ரேயோடு ஜீவானந்தத்திடம் போனான். அவர் அதை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். விவரம் தெரிந்த மனிதர்தான். ஆனால் ஸ்லைடு ஹெட் ஆபீஸில் அப்ரூவ் ஆனது, அதை எடுக்க விபத்து அறிக்கையைத் திறக்க வேண்டும், அதைத் திறந்தால் ஐந்து வருஷமாகச் சரி என்று கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் வெளியே விழுவார்கள், அதில் தானும் ஒருவன் என்று மெதுவாகச் சொன்னார். தன்னால் முடிந்ததாக எல்லப்பனுக்கு ஒரு மெமோ கொடுத்தார். மெமோ கிடைத்தது என்பதற்கு விரல் வைக்க வேண்டும், வைத்தான், மெமோ அமிர்தநாதன் பெயரில் ஏறிவிட்டது. அதை நீக்க மூன்று வாரம் ஆயிற்று. இந்த ஆளைத் தண்டிக்க மெஷினில் வழியில்லை என்று தெரிந்த பிறகு, ஜீவானந்தம் வேறொன்றுக்கு ஒத்துக்கொண்டார். ஸ்லைடு இருக்கட்டும், ஸ்லைடுக்குப் பக்கத்தில் எல்லப்பன் நின்றுகொள்ளலாம்.

அந்த நவம்பரிலிருந்து திங்கள்கிழமைதோறும் ஒன்பதரைக்கு எல்லப்பன் இண்டக்ஷன் அறையில் நிற்கிறான். ஸ்லைடு வந்ததும் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, கட்டைவிரல் எலும்பைச் சுட்டிக்காட்டி, இந்தப் பிடி சரியான பிடி, தப்பு நான் என்கிறான். லீவர், கேமரா, சீப்பு, எதையும் விடுவதில்லை. சிரிப்பார்கள். முதலில் அந்தச் சிரிப்பு அவனுக்கு முள் மாதிரி இருந்தது. முப்பது பேர் கொண்ட ஒரு தொகுதியில் இருபத்தெட்டுப் பேர் தூங்குவார்கள். அடுத்த திங்கள் அதையே மறுபடி சொல்வான். கையால் செய்து காட்டச் சொன்னால், ஒரு இரும்புக் குழாயை எடுத்து, ஐந்து விரலையும் ஒரே பக்கம் வைத்து, இதுதான் அமிர்தநாதன் பிடி என்பான். மேடையில் நிற்கிறவன் தலை வாராமல் வருகிறானே என்று ஒரு பெண் ஒருமுறை கேட்டாள். அதற்குத்தான் இந்தக் கதையே என்றான்.

பத்து மாதத்தில் வார்த்தை திரும்பிற்று. முதலில் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள், பின்னால் பார்க்காமலே "வா வா" என்று கை காட்டுகிறவனை, "இன்னா, எல்லப்பன் வேலையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சரக்கு ஏற்றுமிடத்தில், கேண்டீனில், ஓவர்டைம் ஷிப்டில், பார்க்காமல் சரி என்று டிக் போடுகிற ஒவ்வொருவனும் எல்லப்பன் வேலை செய்தான். கனமான எதையாவது சரியாகப் பிடித்தால் அமிர்தநாதன் பிடி. போன் கம்பெனியில் ஜாயுடைய சூப்பர்வைசர் அவளைப் பார்த்து, "சபாஷ், அமிர்தநாதன் பிடிம்மா" என்றாராம். இந்த முறை அவள் அது எங்க பெரியப்பா பேரு சார் என்று சொல்லிவிட்டாள். அவர் நம்பவில்லை. அப்படி ஒரு ஆள் நிஜமாக இருப்பார் என்று அவர் நினைத்ததே இல்லை. ஒடிசாப் பையன்களுக்கு இப்போது எல்லப்பன் என்பதுதான் தமிழில் "தப்பு" என்பதற்கான வார்த்தை. எல்லப்பன் தன் பெயரைச் சாலையில் நாலு பேர் வாயில் கேட்டுக்கொண்டே மொபெட்டில் போகிறான். எரிகிறது, ஆனால் அது அவனுடைய எரிச்சல். அந்த அளவில் நிம்மதி.

2025 ஆயுத பூசைக்கு, கொட்டகைக்குள் வரக் கூடாது என்ற தாள் எங்கேயோ காணாமல் போயிருந்தது. ஜீவானந்தம் அதைத் தேடவுமில்லை. எல்லப்பன் பெட்டியில் விரல் வைத்தான். "நல்வரவு, அமிர்தநாதன்" என்றது பெட்டி. "வணக்கம்" என்றார் பின்னால் நின்ற அமிர்தநாதன். ஹேண்டிலை வாங்கி, வலது கை கோணல் என்பதால் இடது கையில் பிடித்து, ஐந்து விரலையும் ஒரே பக்கம் படுக்க வைத்தார். எல்லப்பன் சீட்டில் ஏறி, லீவரைக் கண்ணால் பார்த்து, கையால் தடவிப் பார்த்து, "லேட்" என்று கத்தினான்.

அமிர்தநாதன் பதில் சொல்லவில்லை. ஹேண்டிலை விட்டுவிட்டு, துரையைச் சுற்றி மெதுவாக நடந்து வந்து, சீட்டுக்குக் கீழே நின்று, எட்டி லீவரைத் தானே பார்த்தார். ஏழு பல்லையும் எண்ணினார். கூட்டம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லப்பன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பார்த்துக்கொள்ளட்டும், இனி வருகிற எல்லா பூசைக்கும் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தது அவனுக்கு. அவர் திரும்பி முன்பக்கம் போய், குனிந்து, "லேட்" என்றார். ஒரே இழுப்பில் துரை எழுந்தது. சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

ரேகை திரும்பி வரவில்லை. வரும் என்று இருவரும் சில நாள் விரலைப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அந்த ஐப்பசியில் ரேஷன் கடைக்குக் கண் பார்த்து ஆளைச் சொல்லும் மெஷின் வந்தது. இனி விரல் வேண்டாம், அமிர்தநாதனே வந்து கண்ணைக் காட்டிவிட்டுத் தன் அரிசியைத் தானே வாங்கிக்கொள்ளலாம் என்று கலைமதி இருவருக்கும் போன் செய்து சொன்னாள். நல்லதாப் போச்சு என்று இருவருமே சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமை எல்லப்பன் வழக்கம்போல் மொபெட்டை நிறுத்திவிட்டு வந்து, புது மெஷினைத் தாண்டிப் பழைய மெஷினில் கட்டைவிரலை வைத்தான். திரையில் அமிர்தநாதன் என்று வந்தது. கலைமதி ஒரு முறை பார்த்தாள், எடை போட்டாள். அவன் மூட்டையை மொபெட்டின் முன்னால் ஏற்றி, ஐந்து விரலையும் ஒரே பக்கம் வைத்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, மாதா நகர்ப் பக்கம் திருப்பினான்.